கப்பல் அறையின் தூசி

மார்ச் 3, செவ்வாய்

மாதிரிக் கப்பலுக்கு இடப்பக்கம் பதினோராவது பலகை ஒட்டியாயிற்று. வலப்பக்கம் பத்தில் நிற்கிறது. இப்படி விடக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் ஏரா, அதாவது கப்பலின் அடிமரம், ஒரு மயிரிழை திரும்பிக்கொள்ளும். பிறகு தலைகீழாக நின்றாலும் நேராகாது. ஆனால் கவ்விகள் தீர்ந்துவிட்டன. இருபத்திரண்டும் இடப்பக்கத்தில் கடித்துக்கொண்டு நிற்கின்றன.

இந்தச் சிவப்பு மரம் பொன்னான மரம். மரக்கடைக்காரர் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று தந்தார். ஈரத்துணியில் பத்து நிமிடம் சுற்றிவைத்தால் மூக்குப் பக்கம் எப்படி வளைத்தாலும் முறியாமல் வருகிறது. அறுத்தால் பென்சில் சீவிய வாசம். கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "பள்ளிக்கூடம் மாதிரி மணக்குது," என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு இருமினாள். மூன்று வாரமாக இந்த இருமல். பேருந்து நிலையத்தில் நாள் முழுக்க மைக் முன்னால் கத்துகிறவளுக்கு இருமல் வராமல் என்ன செய்யும்?

மார்ச் 5, வியாழன்

வலப்பக்கம் பதினொன்று. இப்போதுதான் நிம்மதி.

மார்ச் 9, திங்கள்

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாலை ஐந்தரை வண்டியை அறிவிக்கும்போது நடுவில் இருமல் பிடித்துக்கொண்டதாம். நிற்கவே இல்லையாம். மைக்கை அணைக்கவும் கை போகவில்லை. நிலையம் முழுக்க ஒலிபெருக்கியில் இருமல். எவனோ ஒருவன், "அம்மா, இருமல் வண்டி எத்தனாவது நடைமேடை?" என்று கேட்டானாம். எல்லாரும் சிரித்தார்களாம்.

"நீங்க சிரிக்கலையா?"

சிரித்தேன்.

கஷாயம், மாத்திரை, வெந்நீர், எல்லாம் ஆகிவிட்டது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடுகிறது. விடுமுறை எடு என்றால், "என் குரலுக்குப் பதிலா ஒரு மெஷினை வச்சிருவாங்க," என்கிறாள். அது உண்மைதான். பக்கத்து ஊர் நிலையத்தில் வைத்துவிட்டார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன்.

கப்பல் அறை படுக்கையறையை ஒட்டியது. முன்பு பால்கனியாக இருந்ததைக் கண்ணாடி போட்டு மூடினேன். காலை எட்டரைக்கு வெயில் ஒரு கீற்றாக உள்ளே விழும். இன்று காலை முழுக்க உப்புத்தாள் மெஷின் ஓட்டினேன். நிறுத்திவிட்டு முகமூடியைக் கழற்றப் போனபோது அந்தக் கீற்றைப் பார்த்தேன். கீழே விழும் தூள் வேறு. அது மேசையில் குவிந்து கிடந்தது. இது விழவே இல்லை. புகை மாதிரி நின்றது. தூசி உறிஞ்சும் வாக்குவம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழாய் வழியே உறிஞ்சுகிறது, பின்பக்கம் ஊதுகிறது. பின்பக்கம் எங்கே பார்த்து நிற்கிறது? சுவரின் மேலே இருக்கும் வென்டிலேட்டரைப் பார்த்து. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் கட்டில்.

வாக்குவத்தின் துணிப்பையைத் தட்டினேன். மாவு சலித்தது போல் சிவப்பாக வெளியே வந்தது. பெரிய தூளை அந்தப் பை பிடிக்கிறது. நுண்ணிய தூசி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்துவிடுகிறது.

புது முகமூடிப் பெட்டியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை முதல்முறையாகப் படித்தேன். கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கே தடுத்துக்கொள்ளுமாம். கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரல் வரை போகுமாம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக்கூடாதாம்.

நிமிர்ந்து பார்த்தால் அவள் துடைப்பத்தோடு நிற்கிறாள். தினமும் நான் குளிக்கப் போனதும் இந்த அறையைப் பெருக்குவது அவள்தான். என் வேலை மேலங்கியை ஜன்னல் வெளியே பிடித்துப் படபடவென்று உதறுவதும் அவள்தான். மூக்கில் ஒரு துணிகூடக் கிடையாது. முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே இருப்பவன் நான்.

"குடு, நான் பெருக்கிக்கிறேன்," என்றேன்.

"மழை வரப்போகுது," என்று ஜன்னலைப் பார்த்தாள்.

மார்ச் 18, புதன்

ஒரு சோதனை. வர்ண டப்பா மூடிகள் மூன்றுக்குக் கறுப்பு அடித்துக் காயவைத்தேன். ஒன்று கப்பல் அறையில். ஒன்று கூடத்தில். ஒன்று படுக்கையறை அலமாரிக்கு மேலே, அவள் கண்ணில் படாத இடத்தில்.

ஊரார் தராசைச் சோதிப்பதுதான் என் உத்தியோகம். கடைக்காரர்கள் என்னைக் கண்டால் எடைக்கல்லைத் துடைத்து வைப்பார்கள். வீட்டில் சோதனை வைப்பது இதுதான் முதல்முறை.

மார்ச் 21, சனி

கூடத்து மூடியில் கொஞ்சம் தூசி. அலமாரி மேலிருந்த மூடியில் விரலால் என் பெயரை எழுத முடிந்தது.

துடைத்துவிட்டேன். எதற்காகத் துடைத்தேன்?

மார்ச் 24, செவ்வாய்

நான்கு நாளாகக் கப்பலைத் தொடவில்லை. தூசி பிடிக்கும் வேலைதான். இருபது லிட்டர் வர்ண வாளிக்கு மூடி போட்டு, பக்கவாட்டில் ஒரு துளை, மேலே ஒரு துளை. காற்று உள்ளே சுழன்று கனத்த தூளை அடியில் போட்டுவிடும். வாக்குவத்துக்குப் போவது குறையும். வாக்குவத்தைத் திருப்பிவைத்தேன். பின்பக்கத்துக்கு ஒரு குழாய் மாட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டேன். உப்புத்தாள் மெஷினைச் சுற்றி அட்டையில் ஒரு கூடு. மேசைக் காற்றாடியின் முதுகில் காகித வடிகட்டி. வென்டிலேட்டருக்குத் தகடு.

"திடீர்னு என்ன இவ்வளவு ஏற்பாடு?"

"கப்பல்ல தூசி ஒட்டுது. பாலிஷ் பிடிக்காது."

அட, எவ்வளவு சுலபமாக வருகிறது பொய். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இதெல்லாம் செய்துவிட்டேனே. இனிமேல் சரியாகிவிடும். சரியாகிவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை இல்லையா? பதினான்கு மாத வேலை. ஏழு கப்பல் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் "நல்ல பொழுதுபோக்கு" என்றார்கள். இந்த எட்டாவதைத்தான் ஒருவர் கேட்டுச் செய்யச் சொன்னார். கப்பல் ஏஜென்சியின் நூறாவது ஆண்டு, ஜூலையில். வாசலில் நுழைந்ததும் நடுக்கூடத்தில் வைப்பார்களாம்.

மார்ச் 30, திங்கள்

நிலைய அதிகாரி அவளைக் கூப்பிட்டு, பரிசோதனை முடியும் வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காசநோயாக இருக்குமோ என்று பேச்சு. ஓய்வறையில் அவளுடைய தம்ளரைத் தனியாக, ஜன்னல் கட்டையில் வைத்திருந்தார்களாம். பதினெட்டு வருடம் கூட உட்கார்ந்து டீ குடித்தவர்கள்.

தம்ளரைப் பையில் போட்டு எடுத்துவந்துவிட்டாள். அதைக் கழுவி எங்கள் அடுக்கில் கவிழ்த்தாள். 

நான் பக்கத்தில் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா?" என்றுதான் வந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை. ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் மங்கலாக, மூடுபனி மாதிரி. நுரையீரல் டாக்டர் ஒரு அம்மாள், நிதானமாகப் பேசுகிறவர். பேனாவை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார்.

"வீட்டுல புறா, கிளி ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

"சுவர்ல ஈரம், பூஞ்சை?"

"இல்ல."

"தூசி கிளம்புற வேலை ஏதாவது? வீட்டுலயோ பக்கத்துலயோ?"

நான் முந்திக்கொண்டு "இல்லை" என்றேன். அவள் பாவம், யோசித்துவிட்டு, "இவர் மரத்துல கப்பல் செய்வார்," என்றாள்.

நான் சிரித்தேன். "அது சும்மா பொம்மை மாதிரி டாக்டர். குட்டிக் குட்டித் துண்டு."

டாக்டர் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

பொம்மை. என் அண்ணன் ஒருமுறை அந்த வார்த்தையைச் சொன்னதற்கு இரண்டு வருடம் அவன் வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தவன் நான்.

ஏப்ரல் 3, வெள்ளி

ஆஸ்பத்திரியில் பொய் சொன்னால் யாரும் எடைக்கல் வைத்துப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

அவளுடைய தங்கை வந்து அழைத்துப்போனாள். காற்று மாறட்டும் என்று பத்து நாள். "அத்தான், அக்காவை எப்படி இப்படி எலும்பும் தோலுமா ஆக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் விளையாட்டாக. 

வண்டி தெரு முனை திரும்பியதும் மேலங்கியை மாட்டிக்கொண்டேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அவள் இல்லாத பத்து நாளில் தேய்க்க வேண்டியதையெல்லாம் தேய்த்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

ஏப்ரல் 10, வெள்ளி

வலப்பக்கமும் இடப்பக்கமும் பலகை மூடியாயிற்று. உடல் முழுதாகிவிட்டது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒரு மேடு பள்ளம் இல்லை. இதுவரை நான் செய்ததில் இதுதான் சுத்தமான வேலை.

போன் செய்தாள். "மூணு நாளா இருமலே இல்லங்க! இங்க தண்ணி நல்லா இருக்கு போல."

"நல்லது," என்றேன்.

ஏப்ரல் 13, திங்கள்

கொழுந்தியாள் பேசினாள். "நேத்து அக்கா மூணு மாடி ஏறி வந்து துணி காயப்போட்டாங்க. மேல நின்னு, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு, ஈரத்துணிகள் இரண்டாவது கொடியில் வந்து சேர்ந்துள்ளன'ன்னு ஒரே கூத்து. எதிர்வீட்டுக்காரங்க கைதட்டினாங்க அத்தான்."

காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. தண்ணீர் நல்லதாம்.

அவளுக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. உலகத்திலேயே இந்தக் கணக்கின் விடை தெரிந்த ஒரே ஆள் நான். மேலங்கியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

வந்துவிட்டாள். முகத்தில் களை. இரண்டு நாளாக வீட்டைத் துடைத்துவைத்திருந்தேன். ஈரத்துணியால், மூலை முடுக்கெல்லாம். "வீடு பளபளன்னு இருக்கே, யாரு வந்து போனா?" என்று கேலி செய்தாள். துடைத்தாலும் மெத்தைக்குள், திரைச்சீலைக்குள், மின்விசிறி இறக்கையின் மேல் இருப்பதை என்ன செய்வது?

ஏப்ரல் 18, சனி

மதியம் இருமல் ஆரம்பம். மாலையில் காய்ச்சல் நூறைத் தாண்டிவிட்டது.

"பார்த்தீங்களா, ஊர் மாறினா ஒத்துக்கல," என்றாள். காரணம் தேடித் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்கிறாள். எனக்காகவும் சேர்த்துத் தேடுகிறாள்.

ஏப்ரல் 20, திங்கள்

வியாழக்கிழமை நுரையீரலுக்குள் குழாய் விட்டு ஒரு துளி சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். காரணம் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது என்கிறார் டாக்டர். நூற்றில் ஓரிருவருக்கு இரத்தம் கசியலாம், நுரையீரல் சுருங்கலாம், எல்லாருக்கும் சொல்வதுதான், பயப்பட வேண்டாம் என்றார். ஒரு தாளை நீட்டினார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். கீழே 'கணவர்' என்ற இடத்தில் நான் போட்டேன்.

இரண்டு கையிலும் இரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்கவில்லை. நான்கு குத்து. ஒவ்வொன்றுக்கும் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 22, புதன்

இன்னைக்குச் சொல்லிடணும்னு ஆபீஸ்லேருந்து நடந்தே வந்தேன். நாலு கிலோமீட்டர். வாக்கியத்தை எல்லாம் அடுக்கி வச்சிருந்தேன். வந்து பார்த்தா அவ கட்டில்ல சாய்ஞ்சு நாளைக்கு எடுத்துட்டுப் போற பையை அடுக்கிட்டிருக்கா. என் மாத்துச் சட்டை, என் கண்ணாடி, நான் சாப்பிட பிஸ்கட். தனக்கு ஒரே ஒரு துண்டு.

என்ன பயம் எனக்கு? கப்பல் போயிடும்னா? இல்ல. அவ என்னைப் பார்க்கிற பார்வை போயிடும்னு. அதுக்காக அவ நுரையீரலைக் கிள்ளிப் பார்க்கட்டும்னு விட்டுடுவேனா?

ஏப்ரல் 23, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். 

ஏழரைக்குப் போனோம். பச்சை அங்கி கொடுத்தார்கள். கைக்குப் பின்புறம் ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். நர்ஸ், "நகையெல்லாம் கழட்டிக் குடுத்துடுங்கம்மா," என்றாள். அவள் தன் கம்மலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். "ஒரு திருகாணி லூசு. தொலைச்சிடாதீங்க." சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிப்போனார்கள். கதவு ஆடி ஆடி நின்றது.

டாக்டர் கை கழுவிவிட்டு நடைவழியில் வந்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்."

"கவலைப்படாதீங்க. அரை மணி நேர வேலை."

"கவலை இல்ல டாக்டர். நான் அன்னைக்குப் பொய் சொன்னேன்."

நின்றார்.

கொட்டிவிட்டேன். வட்ட ரம்பம், உப்புத்தாள் மெஷின், சிவப்பு மரம், வென்டிலேட்டர், துடைப்பம், அவள் உதறிய மேலங்கி, அலமாரி மேல் வைத்த கறுப்பு மூடி, தங்கை வீட்டில் பத்து நாள் இருமல் நின்றது, வந்த மறுநாளே ஆரம்பித்தது. மூச்சு விடாமல் சொன்னேன். ஒரு வார்ட்பாய் நின்று வேடிக்கை பார்த்தான். பார்க்கட்டும்.

"எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?"

"முப்பத்து மூணு நாள்."

"எடை அளவு இலாகாவுலதானே வேலைன்னு சொன்னீங்க?"

"ஆமா டாக்டர்."

 அந்தக் கேள்வி கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உள்ளே போனார். கதவு இடுக்கில் பார்த்தேன். டாக்டர் குனிந்து அவளிடம் பேசுகிறார். அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பிறகு தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தாள்.

ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்தார்கள். இப்போதைக்குக் குழாய் வேண்டாம், அந்த வீட்டில் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது, மாத்திரை தருகிறேன், ஆறு வாரம் கழித்து ஸ்கேன், அப்போதும் மூடுபனி விலகாவிட்டால் குழாய் விட்டே ஆக வேண்டும் என்றார் டாக்டர். என்ன மரம் என்று தெரிந்துகொண்டு வரச் சொன்னார்.

வண்டியில் அவள் பேசிய ஒரே வார்த்தை: "கம்மல்."

கொடுத்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

மரக்கடைக்குத் துண்டை எடுத்துப் போனேன். முகர்ந்து பார்த்து, "செடார்ங்க, தேவதாரு ஜாதி," என்றார் கடைக்காரர். "எங்க அறுப்புப் பட்டறையில இந்தக் கட்டையைப் போட்டா ஆளுங்க மூக்குல துணி கட்டிக்குவாங்க. ஒருத்தனுக்கு மூச்சு இழுத்து வேலையையே விட்டுட்டான்."

"எங்கிட்ட சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே சார். அப்பப்ப நாலு அடி, அஞ்சு அடி வாங்கிட்டுப் போறீங்க. வாசல்ல வச்சு அறுப்பீங்கன்னு நினைச்சேன். படுக்கையறைக்குப் பக்கத்துலயா வச்சு அறுப்பாங்க?"

குற்றம் சொல்ல ஒரு முகம் கிடைத்துவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த ஒரு நொடிதான்.

மாலை, அவள் போய்த் தங்கியிருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. என் சட்டையில் தூசி இருக்கும் என்பதாலா, வேறு எதற்காகவா, நான் கேட்கவில்லை.

"தூசியை மன்னிச்சிடுவேன்," என்றாள். "அது உங்களுக்கும் தெரியாம வந்தது. ஊசியை எப்படி மன்னிக்கிறது? ஒவ்வொரு குத்துக்கும் உங்க கையைப் பிடிச்சிட்டு இருந்தேன். ஆறுதலா இருக்கேன்னு நினைச்சேன்."

என் கையைப் பார்த்தாள்.

"கையையாவது உருவிக்கிட்டிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 25, சனி

எழுத ஒன்றுமில்லை.

மே 4, திங்கள்

ஒரு வார விடுப்பில் வீட்டை உரித்தேன். மெத்தையும் திரைச்சீலையும் போயின. நல்ல வடிகட்டி வைத்த வாக்குவம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பிறகு ஈரத்துணி, மறுபடி வாக்குவம், மறுபடி ஈரத்துணி. வாளியில் தண்ணீர் சிவந்துகொண்டே இருந்தது. ஆறாவது வாளியில்தான் தெளிந்தது. மின்விசிறி இறக்கையில் நகத்தின் கனத்துக்குப் படிந்திருந்தது. அதன் அடியில்தான் அவள் தலை வைத்துப் படுப்பாள்.

கப்பலை ஈரப் போர்வையில் சுற்றிப் படகு பழுது பார்க்கும் கொட்டகைக்கு எடுத்துப் போனேன். அங்கே என்ஜின் மெக்கானிக் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார். "எங்க வைக்கணும் இந்தச் சாமானை?" என்றார். சாமான்தான். எனக்குக் கோபம் வரவில்லை.

மே 8, வெள்ளி

ஏஜென்சி மேனேஜர் போன் செய்தார். ஜூலைக்கு முடியாது என்றேன். ஏன் என்றார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி நிறுத்தினேன். பிறகு, "என் மரத்தூசியாலதான் சார் உடம்பு கெட்டுச்சு," என்றேன்.  "பார்த்துக்கோங்க, நாங்க வேற ஏதாவது யோசிக்கிறோம்," என்றார்.

மே 16, சனி

சிவப்புப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன். ஸ்பிரிட் தடவினால் பசை இளகும். மெல்லிய கத்தி விட்டால் தூசி இல்லாமல் கழன்று வரும். அப்படியே நனைத்துப் பையில் கட்டி மெக்கானிக்கின் கழிவு டிரம்மில் போடுகிறேன். பதினான்கு மாதம் ஏறியது பதினான்கு நாளில் இறங்கும் போலிருக்கிறது. உள்ளே விலாச்சட்டங்கள் மட்டும் நிற்கின்றன. அதைப் பார்க்கும்போது டாக்டர் விளக்குப் பலகையில் மாட்டிய படம் ஞாபகம் வருகிறது. பார்க்காமல் வேலை செய்யப் பழகுகிறேன்.

போனில் தங்கைதான் எடுக்கிறாள். "அக்கா நல்லா இருக்காங்க அத்தான்." அவ்வளவுதான் கிடைக்கும். அதற்காகத்தான் தினமும் போன் செய்கிறேன்.

ஜூன் 4, வியாழன்

ஸ்கேன். நான் வெளியே பெஞ்சில். கூப்பிட்டால்தான் உள்ளே போக வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம். கதவு திறந்து டாக்டரே கையசைத்தார்.

மூடுபனி விலகிவிட்டது. வலது நுரையீரலின் அடியில் மட்டும் ஒரு சின்னத் தழும்பு. அது போகாதாம், ஆனால் பெருகாமல் பார்த்துக்கொள்ளலாமாம்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்பவும் இருக்குமா டாக்டர்?"

"இருக்கும்மா."

"சரி," என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒவ்வோர் அறையாகப் போய் விரலால் தடவினாள். அலமாரி மேலேயும், நாற்காலி போட்டு ஏறி. ஒன்றும் ஒட்டவில்லை. கப்பல் அறை இப்போது வெறும் பால்கனி. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

"கப்பல் எங்கே?"

"கொட்டகையில. அங்கேயே குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் வருவேன். சிவப்பு மரம் ஒரு குச்சிகூட இல்ல. வேற வெள்ளை மரம். மெஷின் இல்ல, சுரண்டுதகடுதான். உப்புத்தாள் போட்டாலும் தண்ணி தொட்டுத்தான்."

"நான் அதெல்லாம் கேக்கல. எங்கேன்னுதான் கேட்டேன்."

கூடத்தில் தனக்குப் பாய் விரித்துக்கொண்டாள்.

ஜூலை 6, திங்கள்

மறுபடியும் மைக். மதியம் அலுவலக வேலையாக அந்தப் பக்கம் போனேன். இல்லை, வேலை எதுவும் இல்லை. போனேன். மூன்றாவது நடைமேடையில் மூட்டை முடிச்சுக்காரர்களோடு நின்று கேட்டேன். குரல் ஒரு படி இறங்கியிருக்கிறது. நீளமான ஊர்ப் பெயர்களுக்கு நடுவே இப்போது ஒரு மூச்சு எடுக்கிறாள். தெரியாதவர்களுக்குத் தெரியாது.

ஜூலை 20, திங்கள்

ஏஜென்சியின் நூறாவது ஆண்டு விழா முடிந்துவிட்டதாம். நடுக்கூடத்தில் கப்பலுக்குப் பதில் மீன்தொட்டி வைத்திருக்கிறார்கள். அவளிடம் சொன்னேன். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கடைசியில தண்ணிதான் ஜெயிச்சுது," என்றாள்.

மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. அதற்கு அந்த மீன்களுக்கு நன்றி.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

சண்டை. பால் பொங்கியதில் ஆரம்பித்து ஏப்ரலில் போய் முடிந்தது. "நீங்க அமைதியா இருந்தா எனக்கு இப்ப பயமா இருக்கு," என்றாள். "முன்னாடியெல்லாம் அமைதியா இருந்தா கப்பலைப் பத்தி யோசிக்கிறீங்கன்னு நினைப்பேன்."

இந்த நோட்டைப் பற்றி அவளுக்குத் தெரியும், திறந்ததில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் நான் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்? காகிதத்திடம். எழுதிவிட்டால் பாரம் குறையும். குறைந்துவிட்டால் மறுநாளும் சொல்லாமல் இருக்க முடியும். இப்படித்தான் முப்பத்து மூன்று நாள் ஓடியது.

செப்டம்பர் 19, சனி

வெள்ளைப் பலகை இருபக்கமும் ஒன்பது. பாய் கூடத்திலிருந்து அறைக்கு வந்துவிட்டது. 

அக்டோபர் 12, திங்கள்

கொட்டகையில் இன்று எனக்கு மூச்சு இழுத்தது. முகமூடி இருந்தது, தண்ணீர் தொட்டுத்தான் தேய்த்தேன். அப்படியும் நெஞ்சுக்குள் சீழ்க்கை. வீட்டுப் படி ஏறும்போது மறுபடி.

செருப்பைக் கழற்றியதும் சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, சட்டையைத் தூக்கி, முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"இழுங்க. விடுங்க. எத்தனை நாளா?"

"இன்னைக்குத்தான்."

காதை எடுக்கவில்லை. இன்னும் ஒருமுறை இழுக்கச் சொன்னாள். பிறகு நிலையத்துக்குப் போன் செய்து நாளைக் காலை வேலை முறையை மாற்றிக்கொண்டாள். பத்து மணிக்கு டாக்டர். இரண்டு பேருமாகப் போகிறோம்.

இதை எழுதுவதற்கு முன்பே எல்லாவற்றையும் பேசியாகிவிட்டது. இங்கே போட மிச்சமொன்றும் இல்லை.